பாரிமுனையிலிருந்து லிங்கிச் செட்டித் தெரு வரை

பாரிமுனை வட்டாரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றிக் காட்டுகிறவர்கள்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. அன்று கூட்டம் இருக்காது. கடைகள் பூட்டியிருக்கும், செங்கல் சுவர்களை நிம்மதியாக நின்று பார்க்கலாம். ஆனாலும் உயர் நீதிமன்றத்தையும் அதை அடுத்த தெருக்களையும் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வேலை நாளில்தான் போக வேண்டும் என்பேன். காலை ஒன்பதரை மணிக்குப் போங்கள். நீதிபதிகள் அமர்வதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு இளம் வழக்கறிஞர்கள் விரைந்து வருவார்கள். பின்னால் வழக்குக் கட்டுகளைச் சுமந்தபடி குமாஸ்தாக்கள் வருவார்கள். இரவு பஸ் பிடித்து வந்த கட்சிக்காரர்கள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரிடம் வழி கேட்கலாம் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த வட்டாரம் எதற்காக இருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே அப்போது விளங்கிவிடும்.

என் அப்பா லிங்கிச் செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். பதினாறு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, கண் மங்கும்வரை அதே தெருவில் வேலை பார்த்தார். ராயபுரத்திலிருந்து நடந்தே போய் நடந்தே வருவார். பள்ளி விடுமுறையில் அவருடைய சாப்பாட்டுக் கூடையோடு நானும் போவேன். இப்போது என் தங்கை மகள் சட்டம் படிக்கிறாள், புதுப்பாக்கத்தில். சென்னைச் சட்டக்கல்லூரி 2018இல் இங்கிருந்து எடுக்கப்பட்டு, புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது. தன் கல்லூரி முன்பு இருந்த கட்டிடத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவளுக்குக் கல்லூரி விடுமுறை, நீதிமன்றத்துக்கு வேலை நாள் என்று அமைந்த ஒரு நாளில் அழைத்துக்கொண்டு போனேன்.

உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறி வெளியே வந்ததும் நேராக வளாகத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் பாரிமுனை. தாமஸ் பாரி 1788இல் வணிகம் தொடங்கியவர், அவர் பெயர் மூலைக்கே ஒட்டிக்கொண்டது. இப்போது அங்கே நிற்கும் டேர் ஹவுஸ் 1940இல் எழுந்தது. அந்தக் கட்டிடத்தின் மூலையில் ஒரு சிறிய கல்தூண் இருக்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1773இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். இதற்குத் தெற்கே, செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பக்கமாக, யாரும் வீடு கட்டக் கூடாது என்பதைத்தான் அந்தத் தூண்கள் சொல்லின.

ஏன் கூடாது? அங்கே முன்பு ஓர் ஊரே இருந்தது. நெசவாளர்களும் வணிகர்களும் மொழிபெயர்ப்புத் தரகர்களான துபாஷிகளும் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். கோட்டை திரும்பக் கிடைத்தபின், எதிரி மறைந்து நின்று சுட வசதியாக இருக்கிறது என்று மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் போயிற்று. சில ஆண்டுகள் கழித்து, மணலி முத்துகிருஷ்ண முதலியார் போன்றவர்கள் முன்னின்று, பூக்கடை அருகே சென்னகேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள் எழுப்பினார்கள். பட்டணம் கோயில் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். பழைய கோயிலும் வீடுகளும் இருந்த மண் பீரங்கி சுடுவதற்கான வெட்டவெளியாக நூறாண்டுக்கு மேல் கிடந்தது. அந்த வெளியில்தான் பிறகு நீதிமன்றமும் சட்டக்கல்லூரியும் கட்டினார்கள். நம் மாநிலத்தின் நீதி அமர்ந்திருக்கும் இடம், ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டோ வாங்காமலோ மக்கள் எழுந்துபோன இடம். வளாகத்தின் அழகைப் பேசுகிற ஒவ்வொருவரும் முதலில் அந்தத் தூணருகே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

பொதுமக்கள் வளாகத்துக்குள் போக அனுமதிச் சீட்டு தேவை. 2015 முதல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் வாசல்களில் சோதனை செய்கிறார்கள். அப்பா வேலை பார்த்த அலுவலகத்தின் இளம் வழக்கறிஞர் ஒருவர் எங்களுக்கு ஏற்பாடு செய்து கூடவே வந்தார். உள்ளே கன்றை இழந்த பசுவுக்கு நீதி சொன்ன மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் சிலர் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சட்டக்கல்லூரிக்கு முதலில் போனோம். கல்லூரி 1891இல் தொடங்கியது. இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் கட்டிடம் ஹென்றி இர்வின் வரைந்தது. 1990இல் டாக்டர் அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. தேசிய இயக்கத்தில் இருந்தவர்கள், நீதிக்கட்சிக்காரர்கள், பொதுவுடைமையாளர்கள், மாநில அமைச்சர்கள், நூற்றுக்கணக்கான நீதிபதிகள் எல்லாரும் ஏறி இறங்கிய படிகள். 2008 நவம்பரில் மாணவர்கள் சாதியால் பிரிந்து ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்ததும் இதே வளாகத்தில்தான். அதை விட்டுவிட்டு இந்தக் கல்லூரியின் பெருமையை மட்டும் என் மருமகளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் சொன்னேன்.

அவள் வெகுநேரம் பேசாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கோர்ட் எவ்வளவு தூரம் மாமா?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். பக்கத்திலேயே இருந்தது. வகுப்பு முடிந்த மாணவன் நடந்தே போய்ப் பெரிய வழக்கறிஞர்களின் வாதத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். சாயங்காலம் எதிர்த் தெருவில் ஒரு சீனியரிடம் வேலை கற்றுக்கொள்ளலாம். கையில் காசில்லாத, வக்கீல் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைகளுக்கு இந்தக் கிட்டத்து நடைதான் முதலாக இருந்தது. இடநெருக்கடி, மெட்ரோ வேலை, வளாகத்தின் பாதுகாப்பு என்று கல்லூரியை மாற்றக் காரணங்கள் இருந்தன. ஆனால் மாற்றியதில் தொலைந்தது மிகப் பெரியது. புதுப்பாக்கத்தில் நல்ல கட்டிடம் இருக்கிறது, பக்கத்தில் உயர் நீதிமன்றம் இல்லை.

கல்லூரி வளாகத்திலேயே ஒரு கல்லறை இருக்கிறது. சதுர அடித்தளத்தின்மேல் ஊசிமுனையாக உயரும் கூம்பு. 1680இல் இறந்த ஜோசப் ஹின்மர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்காகக் கட்டியது. அவருடைய மனைவி கேத்தரினைப் பிறகு மணந்துகொண்டவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை இங்கே ஆளுநராக இருந்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவருடைய பெயரைத் தாங்கியது. சின்ன வயதிலேயே இறந்த அவருடைய மகன் டேவிட்டையும் இதிலேயே புதைத்தார்கள். இது ஒரு காலத்தில் கோட்டையிலிருந்த செயின்ட் மேரி தேவாலயத்தின் இடுகாடு. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை கல்லறைகளை மறைப்பாகப் பயன்படுத்தியதால் பின்னர் இடுகாட்டைக் கலைத்துவிட்டார்கள். கல்வெட்டுப் பலகைகளைத் தேவாலய முற்றத்தில் தரையாகப் பதித்துவிட்டார்கள். இது தப்பி நின்றது. பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டுவதற்காக இதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். யேல் அடிமை வணிகத்தோடு தொடர்புடையவர் என்பதால் அவர்மேல் எனக்கு எந்தப் பரிவும் கிடையாது. ஆனாலும் அந்த இடுகாட்டுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி இது. நிற்கும் இடத்தில் நின்றால்தான் சாட்சி.

அங்கிருந்து நீதிமன்றக் கட்டிடம். 1888இல் வேலை தொடங்கி, 1892 ஜூலை 12இல் திறந்தார்கள். பிராசிங்டன் போட்ட திட்டத்தை இர்வின் திருத்தி எழுப்பினார். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். அவருடைய பெயரை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். சுற்றிக் காட்டுகிறவர்கள் வரைந்த துரைமார்களைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செங்கல் செங்கல்லாகக் கட்டியது இந்த ஊர்க் கொத்தனார்களின் கை. வளைவுகளின் உட்புறத்தில் செங்கல்லை எப்படி இழைத்து வைத்திருக்கிறார்கள் என்று கிட்டப் போய்ப் பாருங்கள், சுண்ணாம்பு தெரியாத அளவுக்கு நெருக்கம். நிறக் கண்ணாடி, வண்ண ஓடுகள், முதல் கோர்ட் ஹாலின் கூரை எல்லாவற்றையும்விட எனக்கு அந்த வளைவுகள்தான் பிடிக்கும்.

இந்தக் கட்டிடம் வருவதற்கு முன்பே உயர் நீதிமன்றம் இருந்தது. 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றம், 1801இல் சுப்ரீம் கோர்ட், 1862இல் உயர் நீதிமன்றம் என்று வளர்ந்த வரிசை அது. 1892 வரை கடற்கரைச் சாலையில் பெண்டிங்க் கட்டிடத்தில் நடந்தது. அதைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது.

பெரிய கோபுரத்தின் உச்சியில் 1894 ஜூன் முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. தலைக்கு மேலே கப்பலுக்கு வழி காட்டும் விளக்கு, கீழே வழக்கு. ராயபுரத்துக் கட்டுமரக்காரர்கள் அதைக் 'கோர்ட்டு விளக்கு' என்றே சொல்வார்கள் என்று அப்பா சொன்னதுண்டு. அதற்கு முன்பு எரிந்த விளக்கின் தூண் இன்னும் வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. பல்லாவரத்துக் கருங்கல்லில் செய்த உருண்டைத் தூண், 1844 முதல் அரை நூற்றாண்டு எரிந்தது. கிழக்குச் சுற்றுச்சுவரில் இன்னொரு பலகை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தை நோக்கிச் சுட்டபோது ஒரு குண்டு இங்கே விழுந்ததைச் சொல்வது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்த அந்த இரவுக்குப் பிறகு ஊரில் பாதி காலியானதாம்.

உள்ளே முத்துசாமி ஐயரின் சிலையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1832இல் தஞ்சைப் பக்கத்தில் பிறந்து, தெருவிளக்கில் படித்தவர் என்று தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்க்கிறோம். உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. அவரை நியமித்ததை இங்கிருந்த ஆங்கிலேயர் பத்திரிகைகள் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டும் என்று ஆறு இளைஞர்கள் 1878இல் ஆரம்பித்ததுதான் 'தி ஹிந்து'. அந்த ஆறு பேரில் நான்கு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். இதைச் சொன்னதும் என் மருமகள் சிலையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நீதிபதி நியமனத்துக்காக மாணவர்கள் பத்திரிகை தொடங்கினார்கள் என்பதை அவளுக்கு வகுப்பில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பத்தரை மணிக்கு வராந்தாவில் கூட்டம் ஒதுங்கியது. சிவப்பு இடைக்கச்சையும் வெள்ளிக் கோலுமாக ஒரு சோப்தார் முன்னே வர, பின்னே நீதிபதி வந்தார். 2022இல் முதன்முதலாக ஒரு பெண் இந்தச் சோப்தார் வேலைக்கு வந்திருக்கிறார்.

ஒரு கோர்ட் ஹாலில் பின்னால் நின்று கேட்டோம். நிலத் தகராறு. அதிகாரி கொடுத்த பட்டாவை ரத்து செய்யக் கோரும் வழக்கு. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் கட்சிக்காரரான பெரியவர் வக்கீலின் முகத்தையே பார்த்தார். "என்ன சார் சொன்னாங்க?" வாய்தா இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கிறது என்று குமாஸ்தா தமிழில் சொன்னார். தன் நிலத்தைப் பற்றித் தன் முன்னாலேயே பேசியதில் ஒரு வார்த்தையும் அந்தப் பெரியவருக்குப் புரியவில்லை. உயர் நீதிமன்றத்தின் மொழியாகத் தமிழையும் ஆக்கவேண்டும் என்று சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் போட்டது. அரசியல் சாசனத்தின் 348ஆவது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. இன்னும் நடக்கவில்லை. கீழ் நீதிமன்றங்களில் தமிழில் சாட்சி சொல்லி, தமிழில் தீர்ப்பு வாங்குகிறவர், மேல்முறையீட்டுக்கு வந்ததும் ஊமையாகிவிடுகிறார். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

வெளியே வருமுன் வாசலைப் பற்றி ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரில், சனிக்கிழமை இரவு எட்டு மணி முதல் ஞாயிறு இரவு எட்டு மணிவரை வளாகத்தின் எல்லா வாசல்களையும் பூட்டிவிடுவார்கள். நீதிபதியோ வழக்கறிஞரோ பொதுமக்களோ யாரும் நுழைய முடியாது. கடற்கரைப் பக்கத்திலிருந்து பூக்கடைப் பக்கம் போகிறவர்கள் வளாகத்தைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துவது வழக்கம். தடையில்லாமல் நெடுங்காலம் நடந்தால் அந்த வழிமேல் உரிமை வந்துவிடும். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி இருபது ஆண்டுகள், அரசின் நிலமென்றால் முப்பது. ஆண்டுக்கு ஒரு நாள் பூட்டிவிட்டால் கணக்கு அறுந்துபோகும். இதுதான் காரணம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அப்பா இதை ஒவ்வோர் ஆண்டும் வீட்டில் அறிவிப்பார். சட்டம் என்றால் என்ன என்று எனக்கு முதலில் புரிந்தது இந்தப் பூட்டின் மூலமாகத்தான். நடக்கிறவனின் கால் உரிமையை உண்டாக்கும், அதை ஓர் உயர் நீதிமன்றமே கணக்கில் எடுத்துக்கொண்டு பூட்டுப் போடும்!

சாலையைக் கடந்தால் எதிரே பிரகாசம் சாலை, பழைய பிராட்வே. முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவே சாக்கடையாக ஓடிய பள்ளத்தை 1780களில் நிரப்பி வீதியாக்கியவர் ஸ்டீபன் போப்பம். அவர் ஒரு வழக்கறிஞர். இப்போது அதற்குப் பெயர் கொடுத்திருக்கும் டி. பிரகாசமும் இதே நீதிமன்றத்தில் வாதாடிய பாரிஸ்டர். 1928 பிப்ரவரி 3இல் சைமன் குழுவை எதிர்த்து ஊர் கடையடைத்தபோது இந்தப் பாரிமுனையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவரின் உடலைப் பார்க்கப் போன பிரகாசத்தைப் போலீசார் தடுத்து, வந்தால் சுடுவோம் என்றார்கள். சட்டையைத் திறந்து மார்பைக் காட்டினார். நாங்கள் நின்ற இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்.எஸ்.சி. போஸ் சாலை ஓரமாக, பேனாக் கடை இருக்கும் பக்கம். அந்தக் கடை வாசலில் பிளாஸ்டிக் சாமான்கள் விற்ற ஆளவந்தார் 1952இல் கொலை செய்யப்பட்டு, உடல் பெட்டியில் அடைபட்டு போட் மெயில் ரயிலில் போனது தமிழ்நாடே பேசிய கதை. 1953இல் உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன்னால் விசாரணை நடந்தது. அப்பா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த சிறுவன். கொலையான மனிதர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் டீ வாங்கப் போவாராம். அதை மட்டும் சொல்வார். வழக்கின் மற்ற விவரங்களைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆர்மீனியன் தெருவைச் சீக்கிரமாகவே கடந்தோம், தேவாலயம் பூட்டியிருந்தது. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் வாசலில் கறுப்புக் கோட்டுகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தன. தெருவெங்கும் மாடிப்படிக்கட்டுகளின் சுவரில் வழக்கறிஞர்களின் பெயர்ப் பலகைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கீழே நகலெடுக்கும் கடைகள், முத்திரைத்தாள் விற்பவர்கள், நோட்டரிகள், கவுனும் கழுத்துப் பட்டையும் தைக்கும் தையல்காரர்கள், பழைய சட்டப் புத்தகக் கடைகள். தட்டச்சுக்காரர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். இ-ஃபைலிங் வந்தபின் கணினியில் ஏற்றித் தருகிற பையன்கள் அவர்களுடைய இடத்தில் இருக்கிறார்கள்.

லிங்கிச் செட்டித் தெருவில் அப்பாவுடைய அலுவலகம் அதே மாடியில் இருக்கிறது. அப்பாவிடம் தொழில் கற்ற குமாஸ்தா, இப்போது அவருக்கே தலை முழுக்க நரை, எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மேசையில் அன்று தாக்கல் செய்யவேண்டிய மனு கிடந்தது. மேலே அபிடவிட், அடியில் ஆவணங்கள், கடைசியில் வக்காலத்து. தாள்களை நிறுத்தி வைத்து, மேசையில் தட்டித் தட்டி நான்கு ஓரமும் ஒன்றாகும்வரை சரிசெய்தார். இடது ஓரத்தில் குத்தூசியால் மூன்று துளை. வெள்ளை நூலைக் கோணி ஊசியில் கோத்து, நடுத்துளையில் தொடங்கி, மேலே போய், கீழே வந்து, மறுபடி நடுத்துளைக்கே கொண்டுவந்து பின்பக்கம் முடிச்சுப் போட்டார்.

"முடிச்சு முன்னால் வந்தால் என்ன ஐயா?" என்று கேட்டாள் அவள்.

"படிக்கிற நீதிபதிக்கு விரல் இடறும் அம்மா. தாளை முழுக்க விரித்து வைக்கவும் முடியாது. எரிச்சலோடு படித்தால் நம் கட்சிக்காரருக்குத்தான் நஷ்டம்."

அவர் ஒரு மனுக் கட்டை அவளிடம் கொடுத்துத் தைக்கச் சொன்னார். இரண்டாம் முறை நூல் சரியாக வந்தது. மனு 'ரிட்டர்ன்' ஆவது என்றால் என்ன, 'நம்பர் ஆவது' என்றால் என்ன, ரிஜிஸ்ட்ரி என்னென்ன குறை எழுதித் திருப்பும், எந்தக் குறையை அன்றே சரிசெய்துவிடலாம் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நடைமுறைச் சட்டத்தை அவள் பாடமாகப் படித்திருக்கிறாள். மூன்றாம் துளைக்கும் நான்காம் கேள்விக்கும் நடுவில் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

புறப்படும்போது, மே மாத விடுமுறையில் இங்கே வந்து கற்றுக்கொள்ளலாமா என்று அவளாகவே கேட்டாள். கேளம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவதற்கு எத்தனை நேரம் ஆகும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"மே மாதம் கோர்ட்டுக்கும் விடுமுறை அம்மா. விடுமுறைக்கால நீதிபதிகள் மட்டும்தான் உட்காருவார்கள், உனக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஜூன் முதல் வாரம் வா. பத்து மணிக்கு வராதே, ஒன்பதுக்கு வா. கட்டை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வரவேண்டும்."